கடலைத் தள்ளி நிறுத்தும் ஏரிகள்!

ஒரு அடி நீர்மட்டம் இறங்கினால், அடியில் 40 அடி உப்பு ஏறும்... செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடலோர விவசாயிகளுக்கு மழைக்கு முன் ஒரு நினைவூட்டல்

மாமல்லபுரத்துக்கு வடக்கே பட்டிப்புலம், நெம்மேலி பக்கத்துக் குப்பங்களில் போய்ப் பாருங்கள். அலை அடிக்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மணல் மேட்டுக்குப் பின்னால் கை பம்பு இருக்கும், உறைக்கிணறு இருக்கும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அதுவும் உப்புத் தண்ணீர். நடுவில் ஒரு மணல் பட்டை. அந்த மணலைச் சில அடி தோண்டினால் குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர் ஊறும். தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்துத்தான் மக்கள் வாழ்ந்தார்கள்.

இரண்டு பக்கமும் உப்பு இருக்க, நடுவில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், நம் கிணறு ஏன் கரிக்க ஆரம்பிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். உலகம் முழுக்கப் பேசப்படும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நம் ஊர் மட்டத்தில் என்ன தீர்வு என்பதும் அதிலேயே இருக்கிறது.

முட்டை மிதக்கிற கணக்கு

விதை நெல்லைத் தேர்வு செய்ய உப்புக் கரைசல் போடும்போது நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைக்கிறோம். உப்பு சேரச் சேரத் தண்ணீர் கனமாகிறது. கனமான தண்ணீர், தன்னைவிட லேசானதை மேலே தூக்கிவிடுகிறது.

கடலோரத்தில் பூமிக்குள் நடப்பதும் அதேதான். 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிலோ. 1,000 லிட்டர் கடல் நீர் சுமார் 1,025 கிலோ. அதனால் மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் கடல் நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி உயரம் நின்றால், அதன் எடை கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை உப்புத் தண்ணீரை அமுக்கி வைக்கும். 1,000-ஐ அந்த 25 கிலோ வித்தியாசத்தால் வகுத்தால் வருகிற 40 இது. நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஐரோப்பியக் கடற்கரைகளில் ஆராய்ந்து கண்டுபிடித்த கணக்கு.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். கிணற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 3 அடி மேலே இருந்தால், கீழே 120 அடிக்கு நல்ல தண்ணீர். நாம் உறிஞ்சி உறிஞ்சி அதை 2 அடியாக இறக்கினால், கீழே மீதி 80 அடிதான். மேலே இறங்கியது ஒரு அடி. அடியிலிருந்து ஏறி வந்த உப்பு 40 அடி! இது ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. மண்ணின் தன்மையைப் பொறுத்து மாதங்கள், ஆண்டுகள் ஆகும். அதனால்தான் ஆரம்பத்தில் யாருக்கும் தெரிவதில்லை. தெரியவரும்போது மோட்டாரில் கரிப்புத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். தண்ணீர் குறைந்துவிட்டது என்று போரை இன்னும் ஆழப்படுத்துகிறார்கள். உள்நாட்டில் பாறை நிலத்தில் அதற்குப் பலன் கிடைக்கலாம். கடலோர மணல் பகுதியில் ஆழம் போகப் போக உப்பை நோக்கித்தான் போகிறோம். அதுவும் பெரிய மோட்டாரை நாள் முழுக்க ஓட்டினால், போரின் அடியில் உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி மேலே எழும்பி வந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் புத்தூர் அருகே நிலாவரைக் கிணறு. மேல் மட்டத்தில் நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத அந்தத் தீபகற்பத்தில், சுண்ணாம்புப் பாறைக்குள் மிதக்கும் மழைநீரை வைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைத்தார்கள். துலா போட்டு இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. மோட்டார் வந்து வேகமாக இறைக்க ஆரம்பித்த பிறகு பல கிணறுகள் உவரானது அங்கே எல்லோரும் அறிந்த கதை.

மீஞ்சூர் சொல்லும் பாடம்

நமக்கு யாழ்ப்பாணம்வரை போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் இருக்கிறது. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் ஓடும் அந்தப் பகுதியில், நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் சேர்த்து நிலத்தடி நீரை எடுத்தார்கள். 1960-களின் இறுதியில் கடல் நீர் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. பின்னாளில் அது 10 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நெல் விளைந்த நிலங்களில் கிணறுகள் பயனற்றுப்போயின. உள்ளே வந்த உப்பை வெளியே தள்ள, எடுத்ததைவிட அதிகமான நல்ல தண்ணீரைப் பல ஆண்டுகள் பூமிக்குள் இறக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு உப்பு கலந்தால் கெட்டுப்போகும் தெரியுமா? 98 குடம் நல்ல தண்ணீரில் 2 குடம் கடல் நீர் போதும். குடிநீருக்கு விரும்பத்தக்க குளோரைடு அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அந்த 2 குடத்திலேயே அது தாண்டிவிடும்.

நம் மாவட்டத்தில் இந்த ஆபத்து எங்கே அதிகம்? கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம், கல்பாக்கம், செய்யூர் என்று நீளும் கடலோரப் பட்டை ஒன்று. வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாற்றின் கடைசிப் பகுதி இன்னொன்று. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து சுமார் 348 கிலோமீட்டர் ஓடிவரும் பாலாறு, மேலே தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்குள் ஓடிய ஆறு. அந்த ஊற்றுக்கால்களை வெட்டித்தான் நம் முன்னோர்கள் பாசனம் செய்தார்கள். மணல் போனதும் அந்த ஓட்டம் போனது. 3 யூனிட் மணல் ஏற்றிய ஒரு லாரி போனால், 300 கன அடி மணலோடு சுமார் 2,000 லிட்டர் தண்ணீர் தங்குகிற இடமும் சேர்ந்து போகிறது. தண்ணீர் ஒரு மழையில் திரும்ப வரும். மணல் அப்படி வராது.

பாலாற்றின் முகத்துவாரத்துக்கு அருகே வயலூரிலும், அதற்கு மேலே ஈசூர்-வள்ளிபுரத்திலும் தடுப்பணைகள் கட்டியிருப்பது இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு செய்த வேலை. தேங்கும் தண்ணீர் சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டத்தை உயர்த்தும். உயர்ந்த மட்டம் கடலைப் பின்னால் தள்ளும்.

வெள்ளமும் நாம்தான், வறட்சியும் நாம்தான்

பூமியில் உள்ள தண்ணீரில் 97.5 சதவிகிதம் உப்பு. மீதி 2.5 சதவிகிதம்தான் நன்னீர். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. பெரும்பாலும் மீதம் இருப்பது நிலத்தடி நீர்தான். ஆறு, ஏரிகளில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சதவிகிதம்கூட இல்லை. உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை என்று 2022-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் கணக்கிட்டன. உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாடு இந்தியா. அதில் பெரும் பங்கு பாசனத்துக்குப் போகிறது. இதை நம் மேல் பழி போடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோறு விளைய தண்ணீர் வேண்டும். ஆனால், இந்தச் சொத்து கரைந்தால் முதலில் தெருவுக்கு வருவதும் நாம்தான்.

நமக்கு மழை குறைவா? இல்லை. நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஏக்கரில் விழும் அந்த மழையை மொத்தமாகப் பிடித்தால் 48 லட்சம் லிட்டர்! சிக்கல் என்னவென்றால், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டிவிடுகிறது. 2015 நவம்பர், டிசம்பரில் ஏரிகள் உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர். நம் ஒரு ஏக்கரில் ஓராண்டு பெய்யும் மழையில் பாதியைவிட மிகச் சற்றே அதிகம்தான் அது!

அந்தக் கோடையில் பழைய மாமல்லபுரம் சாலை ஓரக் கிராமங்களில் லாரி லாரியாகத் தண்ணீர் ஏற்றியதைப் பார்த்திருப்பீர்கள். பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று தோன்றிய காலம். ஒரு கணக்கு போடுவோம். 12,000 லிட்டர் லாரி, தினமும் 10 நடை. ஒரு நாளைக்கு 1,20,000 லிட்டர். 40 நாளில் 48 லட்சம் லிட்டர். அதாவது ஒரு ஏக்கரின் ஓராண்டு மழை முழுவதும். ஆனால், பெய்யும் மழையில் 10 முதல் 15 சதவிகிதம்தான் நிலத்தடிக்குப் போகும். ஆக, அந்த ஒரு போர் 40 நாளில் எடுத்தது 7 முதல் 10 ஏக்கருக்கு ஓராண்டில் ஊறியிருக்கும் தண்ணீர். அந்த 10 ஏக்கரும் ஒருவருடைய நிலமாக இருக்காது. மேலே வரப்பு போட்டுப் பிரிக்கலாம். அடியில் தண்ணீருக்கு வரப்பு கிடையாது.

கடல் நீரைக் குடிநீராக்கினால் போதாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நெம்மேலியில் 2013-லிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். தென்சென்னை மக்களுக்கு இவை தேவைதான். 2019 மாதிரி ஒரு கோடையில் வேறு வழி இருக்காது.

ஆனால், இது விவசாயத்துக்கான தீர்வு ஆகாது. கடல் நீரிலிருந்து 1,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு, மழையையும் சேர்த்து, 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 48 லட்சம் லிட்டருக்கு மேல். இதைக் கடலிலிருந்து எடுத்தால் மின்சாரம் மட்டும் சுமார் 15,000 முதல் 19,000 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய 90,000 ரூபாயைத் தொடும். ஒரு ஏக்கர் நெல் அதைத் தாங்குமா? அதோடு, உள்ளே எடுக்கும் கடல் நீரில் பாதிக்கும் மேல், இன்னும் உப்பேறிய கழிவாகத் திரும்பக் கடலுக்கே போகிறது. அந்தக் கடலை நம்பித்தான் நம் மீனவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். மதுராந்தகம் ஏரியின் முழுக் கொள்ளளவாகச் சொல்லப்பட்டது 694 மில்லியன் கன அடி. லிட்டரில் சுமார் 1,965 கோடி. நெம்மேலி புதிய ஆலை ஒரு நாளும் நிற்காமல் 130 நாள் ஓடினால் தரும் தண்ணீர் அது. அதைக் கிளியாறும் மழையும் இலவசமாகக் கொண்டுவந்து நிரப்புகின்றன. வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்ததால்தான் அந்த ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தும் வேலையை அரசு கையில் எடுத்தது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத்துறைக் கணக்கில் மட்டும் 528 ஏரிகள் உள்ளன. ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றேரிகள், தாங்கல்கள், குளங்கள், கோயில் தீர்த்தங்கள் தனி. 'ஏரி மாவட்டம்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. ஓர் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, அடுத்த ஏரிக்குப் போகும். கடைசி ஏரி நிரம்பிய பிறகுதான் மிச்சம் கடலுக்கு. மேற்கிலிருந்து கிழக்காக, படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் நின்று பூமிக்குள் இறங்குகிறது. அப்படி இறங்கிய தண்ணீரின் அழுத்தம்தான் கடைசிப் படியில் இருக்கும் நம் கிணற்றில் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. ஆயக்கட்டு வீட்டு மனையாகிவிட்டது, இனி ஏரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மதகு திறக்காவிட்டாலும் ஏரி வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.

ஏரியைக் காத்தது யார்?

மாமல்லபுரத்தில் பெரிய பாறையில் அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் சிற்பத்தை, கங்கை பூமிக்கு இறங்கும் காட்சி என்றும் சொல்கிறார்கள். பாறையின் நடுவே உள்ள பிளவில் மேலிருந்து தண்ணீர் விழும்படி செய்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்தப் பல்லவர்கள் கல்லில் நீரைச் செதுக்கியதோடு நிற்கவில்லை. மண்ணிலும் ஏரிகளை வெட்டினார்கள். உத்திரமேரூர் ஏரிக்கு 'வைரமேக தடாகம்' என்று பெயர்.

அதே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விரிவாகச் சொல்கின்றன. அதில் ஏரி வாரியத்துக்கென்றே ஆறு பேர். ஓராண்டுதான் பதவி. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியில் நிற்கக்கூட முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரிக்குத் தனி நிர்வாகம், தனிக் கணக்கு.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். 1790-களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கரை உடையப்போகும் ஒரு மழை ராத்திரியில் போய்ப் பார்த்தபோது, வில் ஏந்திய இரண்டு பேர் கரையைக் காத்து நின்றதாகவும், கரை தப்பியதாகவும் சொல்வார்கள். நம்பிக்கை அவரவர் பாடு. ஆனால், மழை ராத்திரியில் கரைக்கு ஆள் போனது என்ற செய்தி அந்தக் கதைக்குள் இருக்கிறது. நீர்க்கட்டி என்று ஒருவரை ஊரே நியமித்து, அறுவடையில் பங்கு கொடுத்து, மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்ட காலம் நம் அப்பா, தாத்தா காலம்வரை இருந்தது. இப்போது பல ஊர்களில் அந்த இடம் காலி.

கடலோர விவசாயி இப்போது செய்ய வேண்டியவை

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதைச் செய்யுங்கள்.

1. தண்ணீரைச் சோதியுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை: கோடை உச்சத்தில் ஒன்று, தை மாதத்தில் ஒன்று. மோட்டாரை 10, 15 நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, ஒரு லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், கிணறா போரா, ஆழம் எவ்வளவு என்று எழுதி ஒட்டுங்கள். வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வருட எண்ணைவிட, நான்கு வருட எண்கள் ஏறுகின்றனவா என்பதுதான் முக்கியம்.

2. ஈ.சி எண்ணைப் பார்த்துப் பயிர் வையுங்கள். மின் கடத்தும் திறன் என்று அறிக்கையில் இருக்கும். பாசன நீரில் எந்த அளவுவரை விளைச்சல் குறையாது என்பதற்கு உலக உணவு, வேளாண்மை அமைப்பின் வழிகாட்டி எண்கள் உள்ளன. பீன்ஸ் 0.7, வெங்காயம் 0.8, மிளகாய் 1.0, கரும்பு 1.1, தக்காளி 1.7; நெல் 2.0, வேர்க்கடலை 2.1, தட்டைப்பயறு 3.3, பருத்தி 5.1. எண் 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குச் சிக்கல்தான். உவரைத் தாங்கும் நெல்லில் திருச்சியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய் ரகங்கள் இருக்கின்றன. பாரம்பரிய ரகங்களில் குழியடிச்சான், களர்பாலை போன்றவை இருக்கின்றன.

3. ஆழப்படுத்தாதீர்கள், பரப்புங்கள். மணல் பகுதியில் ஓர் ஆழமான போரில் பெரிய மோட்டார் வைப்பதைவிட, ஆழம் குறைந்த இரண்டு மூன்று ஃபில்டர் பாயிண்ட்களில் சிறிய மோட்டார் வைத்து மெதுவாக எடுப்பது நல்லது. தொடர்ந்து ஓட்டாமல் இடைவெளி விடுங்கள். மோட்டார் ஓட ஓட கரிப்பு கூடினால், அது நிறுத்தச் சொல்லும் அடையாளம்.

4. சொட்டுநீர்ப் பாசனம். சிறு, குறு விவசாயிகளுக்கு நம் மாநிலத்தில் 100 சதவிகித மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவிகிதம். உப்பு கலந்த தண்ணீரைத் தெளிப்பு நீராக இலை மேல் விடாதீர்கள், இலை ஓரம் கருகும். சொட்டுநீரில் வேரடியில் ஈரம் நிற்பதால் உப்பு ஓரமாக ஒதுங்கும். கரும்புத் தோகை, வைக்கோல் எதுவானாலும் மூடாக்கு போடுங்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்குவது குறையும்.

5. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால், விளைச்சல் குறையாமல் தண்ணீர் கணிசமாக மிச்சமாகும். ஆனால், ஏற்கெனவே உவராகிப்போன வயலில் இது கூடாது. காயும்போது உப்பு மேலே ஏறும். அங்கே தண்ணீர் நிற்பதே பயிருக்குப் பாதுகாப்பு.

6. முதல் மழையை வயலில் நிறுத்துங்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடித்தால் மேல் மண்ணின் உப்பு கழுவிக்கொண்டு போகும். 2004 சுனாமியில் கடல் நீர் புகுந்த நிலங்கள் பல, அடுத்தடுத்த மழையில் இப்படித்தான் தேறின. பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். அது ஓரளவு உவரைத் தாங்கும்.

7. மணல் மேட்டைத் தொடாதீர்கள். கடலோர மணல் மேடுதான் மழையைக் குடிக்கும் பஞ்சு. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853-லிருந்து கடற்கரை மணல் மேடுகளிலிருந்து குடிநீர் எடுக்கிறது. அளவுக்கு மீறி எடுத்து உப்பு ஏற ஆரம்பித்ததும், 1957-லிருந்து ஆற்று நீரைக் கொண்டுவந்து அந்த மணலுக்குள் இறக்கி, பிறகு எடுக்கிறார்கள். அவர்கள் செலவு செய்து செய்வதை, நம் மணல் மேடு மழையில் தானாகவே செய்கிறது. மனைக்காக அதை மட்டம் பண்ணிவிட்டால் அந்த வேலை நிற்கும்.

8. வண்டலை எடுங்கள். ஏரி வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. மணல்பாங்கான கடலோர நிலத்துக்கு வண்டல் ஈரம் பிடித்துக் கொடுக்கும். ஏரிக்கு ஆழம் கிடைக்கும். அனுமதித்த அளவோடு நிறுத்துங்கள். கரையோரத்தில் குழி பறித்தால் கரை பலவீனமாகும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகுமா?
முதலில் மண்ணைச் சோதியுங்கள். உவர் வேறு, களர் வேறு. சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு ஜிப்சம் உதவும், அதுவும் வடிகால் இருந்தால். உவர் நிலத்துக்கு ஜிப்சம் பலன் தராது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடிப்பதுதான் வழி. தண்ணீரே உப்பாக இருந்தால், மண்ணில் எதைப் போட்டாலும் தண்ணீர் மாறாது.

எங்கள் ஊர் கடலிலிருந்து 15 கிலோமீட்டர் உள்ளே. இங்கேயும் கரிக்கிறது. கடல் நீர்தானா?
அவசியம் இல்லை. அடிப்பாறையின் தன்மை, பக்கத்து இறால் பண்ணை, கழிவு நீர், தண்ணீர் வடியாத களிமண் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். சோதனையில் குளோரைடு, பைகார்பனேட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பைகார்பனேட்டைவிட குளோரைடு பல மடங்கு அதிகமாக இருந்தால் கடல் நீர் என்ற சந்தேகம் வலுக்கும்.

பயன்படாத போருக்குள் மழைநீரை விடலாமா?
விடலாம், வடிகட்டி விட வேண்டும். கூழாங்கல், சரளை, மணல் அடுக்கிய தொட்டி வழியாகத் தெளிந்த தண்ணீர் மட்டும் இறங்க வேண்டும். கூரைத் தண்ணீர் சிறந்தது. 1,000 சதுர அடிக் கூரையில் நம் ஊர் மழைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். பூச்சிக்கொல்லி அடித்த வயலின் வடிநீர், மாட்டுக் கொட்டகைத் தண்ணீர், தெருச் சாக்கடை எதையும் விடக் கூடாது. ஒருமுறை கெட்டால் ஊர் முழுக்கக் குடிநீர் கெடும்.

கரைக்கு ஒரு நடை

எல்லா வேலையும் பணம் கேட்பதில்லை. இந்த வாரம் ஒரு நாள் காலையில் நான்கு பேராக உங்கள் ஊர் ஏரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். வரத்துக் கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மதகின் கதவு ஏறி இறங்குகிறதா? கலங்கலில் மண்மூட்டை போட்டு உயர்த்தியிருக்கிறார்களா, அல்லது உடைத்துத் தாழ்த்தியிருக்கிறார்களா? கரையில் எலி வளை, நண்டு வளை, மரம் விழுந்த பள்ளம் இருக்கிறதா? போனில் படம் எடுங்கள். நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் பெயரில், இல்லாவிட்டால் ஊர் மக்கள் கையெழுத்தோடு, நீர்வளத்துறை அலுவலகத்திலும் ஊராட்சியிலும் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாகவும் வையுங்கள். நாம் கேட்டுவிட்டால் உடனே நடந்துவிடும் என்று சொல்லவில்லை. கேட்காத ஊருக்கு நிச்சயம் நடக்காது.

மேற்கே ஓர் ஊரில் வரத்துக் கால்வாயை மறித்து வீடு கட்டினால், கிழக்கே ஒரு விவசாயியின் போரில் உப்பு ஏறும். கிழக்கே ஒருவர் லாரிக்குத் தண்ணீர் விற்றால், பக்கத்து வீட்டுத் தென்னை குரும்பை உதிர்க்கும். ஒரு அடிக்கு நாற்பது அடி என்ற கணக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யும். நாம் ஏரியில் ஒரு அடி கூடத் தேக்கி, கிணற்று மட்டத்தை ஒரு அடி உயர்த்தினால், பூமிக்குள் கடல் நாற்பது அடி பின்வாங்கும். இந்தப் பருவமழைக்கு அந்த ஒரு அடியைப் பிடிக்கிற வேலையை ஆரம்பியுங்கள்.